ஒரு தட்டலுக்கு ஒரு வேலை

ஜூன் 9, திங்கள்

இந்த நோட்டில் உண்மையை மட்டுமே எழுதுவேன் என்று இன்று முடிவு செய்திருக்கிறேன். பார்த்ததைப் பார்த்தபடி, கேட்டதைக் கேட்டபடி. பெருமைக்காக எதையும் சேர்க்க மாட்டேன். திட்டு விழும் என்று எதையும் விடவும் மாட்டேன். புரியாதது வந்தால் புரியவில்லை என்றே எழுதுவேன்.

என் பெயர் கவின்மொழி. ஒன்பதாம் வகுப்பு. ஊர் பொள்ளாச்சி. அப்பா நல்லசிவம், பல் டாக்டர். அம்மா கலாமணி. அப்பாவின் கிளினிக்கில் முன்மேசையில் உட்கார்ந்து, யாருக்கு எத்தனை மணிக்கு எந்த டாக்டர் என்று பெரிய நோட்டில் எழுதுவது அவள் வேலை. இதெல்லாம் எனக்கே தெரியும்தான். ஆனால் பிற்காலத்தில் யாராவது படித்தால் குழம்பக் கூடாது.

மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அறை இப்போது தியேட்டர். சுவரெல்லாம் சாம்பல் நிறத் துணி ஒட்டியிருக்கிறது. பன்னிரண்டு நாற்காலிகள், கூரையில் புரொஜெக்டர், ஒவ்வொரு மூலையிலும் ஸ்பீக்கர். இன்று கோயம்புத்தூர் கடையிலிருந்து ரெஜினா அக்கா வந்து கடைசி ஒயரையும் இணைத்துவிட்டார். வேலை செய்யும்போது அவர் ஸ்க்ரூடிரைவரைக் கொண்டையில் செருகிக்கொள்கிறார். பிறகு அதையே தேடுகிறார்.

திரைச்சீலை, விளக்கு, ஏசி, படம், சத்தம் எல்லாம் ஒரே ரிமோட்டுக்குக் கட்டுப்படும். எந்த ரிமோட் என்பதுதான் கேள்வி.

"மூணு மாடல் இருக்கு சார். ஒண்ணொண்ணா வச்சுப் பழகிப் பாருங்க. எது வேணும்னு சொன்னீங்கன்னா அதுலயே எல்லாத்தையும் ஏத்திக் குடுத்துருவேன்" என்றார் ரெஜினா அக்கா.

"ஜூலை ஆறாந்தேதிக்குள்ள முடிவு பண்ணிரோணும்" என்றார் அப்பா. அன்று அவருடைய ஹாஸ்டல் நண்பர்கள் ஐந்து பேர் படம் பார்க்க வருகிறார்கள்.

அம்மா கேட்டாள்: "குழந்தைவேல் அண்ணனுக்குச் சொல்லியாச்சுங்களா?"

"அவன் எங்க வரப்போறான்? நரம்பு டாக்டருக்கு ஞாயித்துக்கெழமையேது?"

"நான் போன் பண்ணிட்டேன். வர்றேன்னாரு."

அப்பா புரொஜெக்டரை அண்ணாந்து பார்த்தார். அது அணைந்துதான் இருந்தது.

முதல் ரிமோட் முழுக்கக் கண்ணாடி. பொத்தானே இல்லை. படங்கள் மட்டும் ஒளிரும். திரையின் அடையாளத்தை ஒருமுறை தட்டினால் திரைச்சீலை மூடி, விளக்கு அணைந்து, படம் தொடங்கும். இன்னொருமுறை தட்டினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். ஒரு தட்டலுக்கு ஒரு வேலை, அவ்வளவுதான். அப்பா முதல் ஆளாகத் தட்டினார். திரைச்சீலை பாதி வழி வந்து, என்னவோ நினைத்துக்கொண்டதுபோலத் திரும்பிப் போய்விட்டது.

"ஏனம்மணி, அதுக்கு வெக்கமா?" என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தோம்.

ஜூன் 12, வியாழன்

கண்ணாடி ரிமோட்டில் கோளாறு இருக்கிறது. சத்தத்தை ஒரு படி கூட்டினால் நான்கு படி ஏறுகிறது. இன்று செய்தி வாசிப்பவர் திடீரென்று கர்ஜித்ததில் கீழே அம்மா பால் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டாள். நான் தட்டியபோது ஒரு படிதான் ஏறியது. அப்பா தட்டினால் மறுபடி நான்கு.

"நாள் முழுக்கக் கையுறை போட்டுப் போட்டு என்ற விரல் ரேகையே தேஞ்சு போச்சு அம்மணி. கண்ணாடிக்கு என்னை அடையாளந் தெரியல" என்று விளக்கினார். பல் டாக்டர்களுக்கு இப்படி ஆகும் என்பது எனக்குத் தெரியாது. நூலகத்தில் பார்க்க வேண்டும்.

ஜூன் 14, சனி

ரெஜினா அக்கா வந்து கண்ணாடியின் உணர்திறனைக் குறைத்தார். அவர் தட்டினார், சரி. நான் தட்டினேன், சரி. அப்பா தட்டினார். விளக்குகள் அணைந்து, எரிந்து, அணைந்தன.

"என்னங்க சார், திருவிழா சீரியல் லைட்டு போட்டுட்டீங்க" என்றார் ரெஜினா அக்கா.

"உங்க கடைச் சரக்கு அப்படி" என்றார் அப்பா. குரலில் சிரிப்பு இருந்தது. முகத்தில் இருந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். நினைவில்லை. உண்மையை எழுத வேண்டும் என்றால் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

நூலகத்தில் பற்களைப் பற்றி மூன்று புத்தகங்கள் இருந்தன. பல் டாக்டர்களின் விரல் ரேகை தேய்வது பற்றி ஒன்றிலும் இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

இரண்டாம் ரிமோட் வந்துவிட்டது. நீளமானது, கறுப்பு, நாற்பத்தேழு பொத்தான்கள். எண்ணிவிட்டேன். ஒவ்வொன்றும் எள்ளுருண்டையில் பாதி அளவு.

அப்பா ஏசியை அழுத்தினால் சத்தம் அடங்குகிறது. சத்தத்தை அழுத்தினால் திரைச்சீலை நகர்கிறது. "பக்கத்து வீட்டுக் கதவையே தட்டிட்டு இருக்குது" என்று சொல்லி அதை நாற்காலியில் போட்டார். கொஞ்சம் வேகமாகத்தான் போட்டார். எறிந்தார் என்று எழுதலாமா என்று பத்து நிமிடம் யோசித்தேன். எறிந்தார்.

ஜூன் 19, வியாழன்

அப்பா இனி காபியை டம்ளரில் பாதி அளவே ஊற்றச் சொல்லிவிட்டார். உடம்புக்கு நல்லதாம். ஆனால் குடித்துவிட்டு இன்னொரு பாதி கேட்டு வாங்கிக் குடிக்கிறார். கணக்குப்படி இரண்டும் ஒன்றுதானே?

ஜூன் 21, சனி

இன்று பரிசோதனை. எங்கள் அறிவியல் டீச்சர் புஷ்பலீலா சொல்வார்கள்: "அளவு தப்பா வந்தா மொதல்ல கருவியைச் சந்தேகப்படு." ஆகவே பள்ளியின் செய்முறைப் பதிவேட்டிலேயே நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை என்று தலைப்புப் போட்டு, கோடு கிழித்து அட்டவணை தயார் செய்தேன்.

செய்முறை எளிது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு ரிமோட்டிலும் விளக்கை இருபது முறை அழுத்த வேண்டும். ஒரு தட்டலுக்கு ஒருமுறை விளக்கு மாறினால் சரி. இரண்டு முறை கண்ணடித்தாலோ, வேறு எதுவும் நடந்தாலோ தவறு.

கண்ணாடி ரிமோட்டில் எனக்கு இருபதுக்கு இருபது. அம்மாவுக்குப் பத்தொன்பது, ஒன்று வளையல் பட்டதால் போனது, அதைத் தனியாகக் குறித்திருக்கிறேன். நீள ரிமோட்டில் எங்கள் இருவருக்கும் இருபது. அப்பா நல்ல மனநிலையில் இருந்தார். வாய்ப்பாட்டு வகுப்புக்கு வந்தவர்போல நிமிர்ந்து உட்கார்ந்து, "ஆரம்பிக்கலாமுங்களா மேடம்?" என்றார். கண்ணாடியில் அவருக்குப் பதினொன்று. நீள ரிமோட்டில் பதின்மூன்று.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. ஒரு சோதனையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும் என்று பாடத்தில் இருக்கிறது. "அப்பா, இப்ப இடது கையில தட்டுங்க" என்றேன்.

கண்ணாடி இருபது. நீளம் இருபது.

நான் குதித்தேன். அம்மா குதிக்கவில்லை. அப்பா தன் இடது கையை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னொரு தடவை பாக்கலாமா அப்பா?" என்று கேட்டேன். "போதும் அம்மணி" என்று எழுந்து கீழே போய்விட்டார்.

முடிவு என்ற தலைப்பின் கீழ் இப்படி எழுதினேன்: இரண்டு ரிமோட்டுகளும் இடதுகைக்காரர்களுக்காகச் செய்யப்பட்டவை. எழுதிய பிறகுதான் நான் வலதுகைக்காரி என்பது நினைவுக்கு வந்தது. அம்மாவும் அப்படித்தான். இந்த முடிவு தவறு. சரியான முடிவு எது என்று தெரியவில்லை. இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

ஜூன் 22, ஞாயிறு

அம்மா சமையலறையில் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னையும் உட்காரச் சொன்னாள். ஒரு கொத்தை முடித்துவிட்டுச் சொன்னாள்:

"அந்த அட்டவணை போட்ட பக்கத்தைக் கிழிச்சுரு கவி."

"ஏம்மா? கணக்குத் தப்பா?"

"தப்பில்ல. கிழிச்சுரு. ரெஜினாகிட்டயும் காட்ட வேண்டாம்."

"அப்பா கோவமா இருக்காரா?"

"இல்ல."

"நீங்க கோவமா இருக்கீங்களா?"

"கீரையைப் பாரு. காம்போட போடறே."

நான் கிழிக்கவில்லை. அம்மா சொல்லி நான் செய்யாத முதல் காரியம் இதுவாகத்தான் இருக்கும். (இரண்டாவது. நாலாம் வகுப்பில் ஒருமுறை மருந்தை ஜன்னல் வழியாகக் கொட்டியிருக்கிறேன்.) ரிமோட்டைப் பற்றிய ஒரு பக்கத்தை எதற்காகக் கிழிக்க வேண்டும்?

ஜூன் 25, புதன்

பள்ளியிலிருந்து நேராக கிளினிக் போனேன். அம்மாவின் பெரிய நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வேர் சிகிச்சை, பல் பிடுங்குவது, தையல் போடுவது எல்லாம் ஷாஹிதா டாக்டர் பெயரில் இருக்கின்றன. ஷாஹிதா டாக்டர் எங்கள் கிளினிக்கில் சேர்ந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது. அப்பா பெயரில் இருப்பதெல்லாம் சும்மா பார்ப்பது, எக்ஸ்ரே பார்த்துச் சொல்வது. பின்னால் புரட்டினேன். பொங்கலிலிருந்தே இப்படித்தான் இருக்கிறது. எல்லாம் அம்மாவின் கையெழுத்து.

அப்போது மரகதம் அத்தை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். பக்கத்துத் தெரு. சொந்தம் இல்லை, ஆனால் எல்லோருக்கும் அத்தை.

"ஷாஹிதா டாக்டர் ஃப்ரீயாத்தான் இருக்காங்க" என்றாள் அம்மா.

"அந்தப் புள்ள தங்கமான புள்ளதான், வேண்டாங்கல. ஆனா என்ற பல்லுக்கு டாக்டரு கைதானுங் வேணும். பதினஞ்சு வருசமா அந்தக் கை. ஊசி போட்டதே தெரியாது. பூவு வச்சாப்ல இருக்கும்."

உள்ளே இருந்த அப்பாவுக்கு இது கேட்டுவிட்டது. "வாங்கக்கா, நானே பாக்கறேன்" என்று கூப்பிட்டார். அம்மா பேனாவை மூடி, மறுபடி திறந்தாள்.

கதவைச் சாத்தவில்லை. நான் பார்த்தேன். மரகதம் அத்தை வாயைத் திறந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அப்பா ஊசியை எடுத்தார். ஊசியின் நுனி விளக்கு வெளிச்சத்தில் மினுங்கியது. நிற்காமல் மினுங்கிக்கொண்டே இருந்தது. அப்பா இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்தார். அப்படியும் மினுங்கல் நிற்கவில்லை. பிறகு ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, "தோள்பட்டை பிடிச்சுருச்சு போல. ஷாஹிதா, நீ போடும்மா" என்றார்.

"எண்ணெய் தேச்சுக் குளிக்கோணுங் டாக்டரே" என்றார் மரகதம் அத்தை, வாயைத் திறந்தபடியே. இன்றைக்கு மருந்து வைத்து அனுப்பி, வேர் சிகிச்சையை அடுத்த வெள்ளிக்குத் தள்ளிவைத்தார்கள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது கணக்குப் போட்டேன். சனிக்கிழமை அப்பாவை வலது கையால் நாற்பது முறை அழுத்தவைத்தவள் நான்தான். தோள்பட்டை பிடித்ததற்கு என் பரிசோதனைதான் காரணமாக இருக்கும்.

ஆனால் பொங்கலுக்கு என்ன காரணம்?

ஜூன் 28, சனி

ரெஜினா அக்கா இரண்டு ரிமோட்டையும் திரும்ப எடுக்க வந்தார். அப்பா கிளினிக்கில் இருந்தார், அம்மாவும்.

"எதுல என்ன பிரச்சினைன்னு நான் கம்பெனிக்கு எழுதணும் பாப்பா. உங்கப்பா 'சரியில்ல'ன்னு மட்டும் சொல்றாரு. சரியில்லன்னா என்ன சரியில்ல?"

அம்மா காட்டாதே என்று சொல்லியிருக்கிறாள். ஆனால் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. நான் பதிவேட்டை எடுத்துவந்து காட்டினேன். செய்தது சரியா என்று தெரியவில்லை. செய்ததை எழுதுகிறேன்.

ரெஜினா அக்கா முதலில் சிரித்துக்கொண்டே படித்தார். "வளையல் பட்டதால் ஒன்று... ஐயோ, எங்க கடையில உன்னை வேலைக்கு வச்சுக்கலாம்." பிறகு சிரிப்பு நின்றது.

"இடது கைக்கு இருபதா?"

"ரெண்டுலயுமே இருபதுதான்க்கா."

"அப்பா கையெழுத்து முன்ன விடச் சின்னதாயிருக்கா?"

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. என் பள்ளி ரேங்க் கார்டில் அப்பா போடும் கையெழுத்து இந்த வருடம் எறும்பு வரிசைபோலத்தான் இருக்கிறது. நானே கேலி செய்திருக்கிறேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"என் மாமனாருக்கு..." என்று தொடங்கி நிறுத்திவிட்டார். கொண்டையில் ஸ்க்ரூடிரைவரைத் தேடினார். அது கையில் இருந்தது. "ரிமோட் மேல ஒரு தப்பும் இல்ல பாப்பா."

"அப்ப யார் மேல தப்பு?"

"யார் மேலயும் இல்ல. நான் ஒயர் இழுக்கிறவ. மத்ததை நான் பேசக் கூடாது. அம்மாகிட்டக் கேளு." பையை மாட்டிக்கொண்டவர் வாசலில் திரும்பினார். "மூணாவதைச் செவ்வாக்கிழமை கொண்டாறேன். அதுல ஒரு சின்ன வேலை பாக்கணும். கண்ணாடி ரிமோட்டு இங்கயே இருக்கட்டும், ஒப்பிட்டுப் பாத்துக்கங்க."

அம்மாவிடம் கேட்க மூன்று முறை சமையலறை வாசல் வரை போனேன். மூன்று முறையும் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

ஜூன் 29, ஞாயிறு

தப்பு யார் மேலும் இல்லை என்றால் விளக்கு ஏன் கண்ணடிக்கிறது?

ஜூலை 1, செவ்வாய்

ரெஜினா அக்கா கொண்டுவந்த மூன்றாம் ரிமோட் உள்ளங்கையில் அடங்குகிறது. ஐந்தே பொத்தான்கள், ரப்பர், ஒவ்வொன்றும் ஒரு தோசைக்கரண்டியின்... இல்லை, உவமை சரியாக வரவில்லை. ஒவ்வொன்றும் பெரியது.

அப்பாவே "எங்க உன்ற அட்டவணை?" என்று கேட்டார். வலது கை. இருபதுக்கு இருபது.

அப்பா எழுந்து நின்றுவிட்டார். "பாத்தியா கலா! பாத்தியா! கோளாறு அந்த ரிமோட்டுகள்லதான். நான் தலபாடா அடிச்சுக்கிட்டேன்." மறுபடி இருபது முறை அழுத்தினார். மறுபடி சரி. என் தலையில் கைவைத்து ஆட்டினார். ரொம்ப நாளாக அவர் இப்படி ஆட்டவில்லை என்பது இப்போது தெரிகிறது.

"வெள்ளிக்கெழமை மரகதக்காவுக்கு வேர் சிகிச்சை நானே பண்ணிர்றேன். நோட்டுல மாத்தி எழுதிரு."

அம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "ஷாஹிதா பேருல எழுதியாச்சுங்களே."

"அதுக்கென்ன, அடிச்சுட்டு எழுது. பதினஞ்சு வருசக் கை இது."

அவர்கள் கீழே போன பிறகு நான் அங்கேயே இருந்தேன். சரியாக அழுத்தினால் சரியாக வேலை செய்கிறது. தவறாக அழுத்தினால் என்ன ஆகும் என்றும் பார்க்க வேண்டும் அல்லவா? விளக்குப் பொத்தானைப் படபடவென்று ஐந்து முறை தட்டினேன். விளக்கு ஒரே ஒருமுறைதான் மாறியது. மறுபடி தட்டினேன். அப்போதும் ஒருமுறைதான்.

ரெஜினா அக்கா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். ஓடிப்போய்க் கேட்டேன்.

"கண்டுபிடிச்சிட்டியா? ரெண்டு செகண்டுக்குள்ள வர்ற அடுத்த தட்டலை அது கண்டுக்காது. அப்பிடி எழுதி வச்சிருக்கேன். என் மாமனாருக்கும் இப்பிடித்தான் டிவி ரிமோட்டு பண்ணிக் குடுத்தேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அப்பாகிட்டச் சொல்லிராத பாப்பா. மனுசன் சந்தோசமா படம் பாக்கட்டும்."

அவர் மரகதம் அத்தையின் பல்லைப் பற்றிக் கேள்விப்படவில்லை.

ஜூலை 2, புதன்

மாலையில் அம்மாவிடம் கேட்டேன்: "ஒரு பொருள் ஒருத்தருக்கு உதவி பண்றதும், அவரை ஏமாத்தறதும் ஒரே நேரத்துல நடக்குமா?"

"எந்தப் பாடத்துல வருது இது?"

"பாடத்துல இல்ல."

அம்மா என்னைப் பார்த்தாள். "பொங்கல்ல இருந்து அந்தக் கையைத்தான் பாத்துட்டிருக்கேன் கவி" என்றாள். "ஒருதடவை குழந்தைவேல் அண்ணன்கிட்டக் காட்டிரலாம்னு சொன்னா, ஒரு வாரம் பேச மாட்டேங்கறாரு. ஒரு டாக்டருக்கு நான் என்னத்தைச் சொல்றது? நோட்டுல பேரை மாத்தி மாத்தி எழுதிட்டு இருக்கேன்."

வாயில் வந்த ரிமோட் விஷயத்தை விழுங்கிவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை. அம்மாவிடம் சொன்னால் அவள் அப்பாவிடம் சொல்ல வேண்டியிருக்கும். அதற்கும் ஒரு வாரம் பேசாமல் இருப்பார். ஆனால் வெள்ளிக்கிழமைக்கு ஒரு வாரம் இல்லை.

என் அட்டவணையில் காலியாக விட்ட இடத்தை நிரப்புகிறேன். முடிவு: கோளாறு அப்பாவின் வலது கையில்.

எழுதியதும் பதிவேட்டை மூடி அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தேன். பிறகு இந்த நோட்டில் இதை எழுதுகிறேன். அழுதேன். அதையும் எழுத வேண்டும்.

ஜூலை 3, வியாழன்

சாயங்காலம் ஆறு மணிக்கு அப்பா தியேட்டரில் தனியாக உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் சிறிய ரிமோட். நான் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போனேன். மனப்பாடம் செய்துவைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் படிக்கட்டிலேயே போய்விட்டன.

"அப்பா, மூணாவது ரிமோட் சோதனையில ஒரு நிபந்தனையை எழுதாம விட்டுட்டேன்."

"என்ன நிபந்தனை?"

"நீங்க வேகமா அஞ்சு தடவை தட்டுங்க."

தட்டினார். விளக்கு ஒருமுறை எரிந்து அப்படியே நின்றது.

"ரெண்டு செகண்டுக்குள்ள வர்ற தட்டலை அது கண்டுக்காது. ரெஜினா அக்கா அப்படிப் பண்ணி வச்சிருக்காங்க. உங்களுக்காக."

அப்பா திரையைப் பார்த்தபடியே இருந்தார். யாரோ அவுட் ஆனார்கள். கூட்டம் கத்தியது. பிறகு கை நீட்டினார். பதிவேட்டைக் கொடுத்தேன். அட்டவணையை மேலிருந்து கீழ்வரை படித்தார். வளையல் விஷயத்தையும் படித்தார். முடிவையும் படித்தார்.

"எழுத்து அழகா இருக்குது" என்றார்.

"அப்பா..."

"பல்லு ரெண்டு செகண்டு பொறுக்காதில்ல அம்மணி?"

அது கேள்வியா என்று எனக்குத் தெரியவில்லை. "நான் தப்புப் பண்ணிட்டேனாப்பா?" என்று கேட்டேன். அவர் பதிவேட்டை மூடி என் கையில் கொடுத்து, "போயி அம்மாவைக் கூப்பிடு. நோட்டைக் கொண்டாரச் சொல்லு, பேர் மாத்தோணும்" என்றார்.

இரவுச் சாப்பாட்டில் அவியலில் உப்பு இல்லை. அதை யாரும் சொல்லவில்லை. நான் உண்மையைச் சொன்னேன். அப்படியிருந்தும் பொய் சொன்னவள்போல ஏன் இருக்கிறது?

ஜூலை 4, வெள்ளி

ஷாஹிதா டாக்டர் சிகிச்சை செய்தார். அப்பா பக்கத்தில் நின்று, "கொஞ்சம் சாச்சு... அங்க ஒரு வேர் ஒளிஞ்சிருக்கும்" என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்தாராம். மரகதம் அத்தை வெளியே வந்து அம்மாவிடம், "கையி அந்தப் புள்ளையுது, வாயி டாக்டருது. ரெண்டு பேருக்கும் சேத்து நன்றிங்" என்றாராம். அம்மா இதைச் சொல்லும்போது சிரித்தாள். பிறகு குளியலறைக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினாள்.

ஜூலை 6, ஞாயிறு

பிற்பகல் மூன்று மணிக்கு எல்லோரும் குடும்பத்தோடு வந்துவிட்டார்கள். பெரியவர்கள் எட்டுப் பேர், குழந்தைகள் மூன்று. போண்டா இரண்டு முறை போட வேண்டியிருந்தது. அப்பாவை அவர்கள் "டேய் நல்லா" என்று கூப்பிடுவது எனக்குப் புதிதாக இருந்தது. குழந்தைவேல் மாமா ஒல்லியாக, நரைத்த மீசையோடு, எல்லோரையும்விடக் குறைவாகப் பேசினார்.

மாடிக்குப் போனோம். மேசையில் கண்ணாடி ரிமோட்டும் சிறிய ரிமோட்டும் இருந்தன. சிறிய ரிமோட்டைத்தான் எடுப்பார் என்று நினைத்தேன். எடுத்தால் ஒன்றும் நடக்காது. திரைச்சீலை மூடும், படம் ஓடும், எல்லோரும் கைதட்டுவார்கள், மாலையில் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அது நடக்க வேண்டும் என்று ஒரு பக்கம் ஆசையாகவும் இருந்தது. இதை மறைக்காமல் எழுதுகிறேன்.

அப்பா இரண்டையும் பார்த்தார். கண்ணாடி ரிமோட்டை எடுத்தார். வலது கையில்.

தட்டினார். திரைச்சீலை பாதி வந்து திரும்பிப் போனது. மறுபடி தட்டினார். விளக்குகள் அணைந்து எரிந்தன, சத்தம் குபீரென்று ஏறியது, ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டது.

"ஏன்டா நல்லா, கல்யாண வூட்டு மைக் செட்டையா வாங்கிட்டு வந்திருக்கே?" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். குழந்தைவேல் மாமா மட்டும் சிரிக்கவில்லை. அவர் ரிமோட்டைப் பார்க்கவில்லை. எழுந்து வந்து அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ரிமோட்டை வாங்கிப் பார்ப்பவர்போல, அதைப் பிடித்திருந்த மணிக்கட்டைப் பிடித்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விரித்துப் பார்த்தார். கையை முழங்கையிலிருந்து மெதுவாக நீட்டி மடக்கினார். அப்பா கையை இழுத்துக்கொள்ளவில்லை. இவ்வளவு நேரமும் மற்றவர்கள் ஸ்பீக்கரின் பிராண்டைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எத்தனை மாசமா?" என்று குழந்தைவேல் மாமா மெதுவாகக் கேட்டார்.

"கலா பொங்கல்ங்கறா. எனக்கு அதுக்கு முன்னாடியே தெரியும்."

அம்மா கதவருகே தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்தாள். முன்னாடியே என்ற சொல்லைக் கேட்டதும் செம்பைக் கீழே வைத்தாள்.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்துரு. சாப்டுட்டு வா. கலாவையும் கூட்டிட்டு வா."

"கிளினிக்..."

"ஷாஹிதா இருக்கா இல்ல?" என்றாள் அம்மா.

அப்பா தலையாட்டினார். பிறகு, "வேலையை விடோணும்னு சொல்லுவியாடா?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் எல்லோரும் ஆறு மாதமாகச் சுற்றிச் சுற்றி வந்த கேள்வி அதுதான் என்று அப்போது எனக்குப் புரிந்தது.

"தெரியலடா. பாத்தாத்தான் சொல்ல முடியும்" என்றார் குழந்தைவேல் மாமா.

இவ்வளவு படித்த ஒருவர் தெரியவில்லை என்று சொன்னது எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் பொய் சொல்லவில்லை என்பது ஒரு மாதிரி தைரியமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக எப்படி இருக்க முடியும் என்று தெரியவில்லை.

"படத்தைப் போடுங்கப்பா, போண்டா செரிச்சுப் போச்சு" என்று பின்வரிசையிலிருந்து யாரோ கத்தினார்கள். நான் உதவப் போனேன். அப்பா கண்ணால் வேண்டாம் என்றார். குழந்தைவேல் மாமாவும் ரிமோட்டை வாங்கிக்கொள்ளவில்லை, பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். அப்பா வலது கையாலேயே தட்டினார். விளக்குகள் அணைந்து எரிந்தன. எல்லோரும் ஓ என்றார்கள். மறுபடி தட்டினார். மறுபடி ஓ. நான் எண்ணிக்கொண்டிருந்தேன், பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

கடைசியில் விளக்குகள் அணைந்து, படம் தொடங்கியது.